சரவெடியில் கேட்காமல் போனது

ஒப்பந்தம் கையெழுத்தான அன்றைக்கு ஜிலேபித் தட்டு என் கையில்தான் இருந்தது.

எங்கள் மில்லில் அது வழக்கம். சம்பள ஒப்பந்தம் முடிந்தால் கேட்டில் கூட்டம் போடுவார்கள். சங்கச் செயலாளர் மைக்கில் வாசிப்பார். சரவெடி போடுவார்கள். வயதில் சின்னவர்கள் இனிப்புக் கொடுக்க வேண்டும். நான் எல்லாருக்கும் நீட்டினேன். செயலாளர் ரெண்டு எடுத்தார். வாட்ச்மேன் அண்ணன் பேப்பரில் மடித்து வீட்டுக்கு வைத்துக்கொண்டார்.

அம்மாவிடம் போனேன். அம்மாவுக்கும் அதே மில்தான். சங்கக் கமிட்டியில் இருக்கிற ஒரே பொம்பளை. அம்மா எடுக்கவில்லை.

"சுகரு இருக்குடி" என்றாள்.

அம்மாவுக்குச் சுகர் கிடையாது. அன்றைக்குக் காலையில்தான் டீயில் சீனி பத்தவில்லை என்று கடைக்காரரோடு சண்டை போட்டாள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. தட்டில் இன்னும் நிறைய இருந்தது. அடுத்த ஆளுக்குப் போய்விட்டேன்.

மில் கப்பலூருக்குப் பக்கம். நூல் மில். நாங்கள் இருப்பது திருமங்கலத்தில், லைன் வீடு. அப்பா இல்லை. நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இதை எழுதவும் எனக்கு நாளாகிறது.

மில்லில் ரெண்டு நிறக் கோட்டு உண்டு. சேலைக்கு மேல், சுடிதாருக்கு மேல் போடுகிற கோட்டு. வந்து சேர்கிறவர்களுக்குச் சாம்பல் நிறம். மூன்று வருஷம் சாம்பல் கோட்டில் ஓடினால் நீலக் கோட்டு கொடுப்பார்கள். நீலக் கோட்டு என்றால் பர்மனென்ட். லீவு உண்டு. உடம்பு முடியாமல் படுத்தால் வேலை போகாது. சூப்பர்வைசர் கத்தினால் திருப்பிக் கத்தலாம். சாம்பல் கோட்டு அப்படி இல்லை. நாளைக்கு வராதே என்றால் வரக்கூடாது. ஏன் என்று கேட்க இடம் இல்லை.

அம்மா நீலம். நான் சாம்பல். எனக்கு மூன்று வருஷம் முடிய ஒரு தீபாவளிதான் பாக்கி இருந்தது.

அம்மாவுக்குத் தீபாவளிக்குத் தீபாவளி புதுக் கோட்டு வரும். ஒரு வருஷத்துக் கோட்டைப் போடாமல் எடுத்து வைத்தாள். எனக்கு. அம்மா பருமன். நான் ஒல்லி. ரெண்டு பக்கமும் உள்ளே பிடித்து, தைத்து, பீரோவில் மடித்து வைத்திருந்தாள். அந்துருண்டை போட்டிருந்தாள். பீரோவைத் திறந்தால் அந்த வாசம் வரும். எனக்கு அது பிடிக்கும்.

பக்கத்து மிஷினில் இருக்கிற அத்தை கேலி பண்ணுவார். அத்தை என்றால் சொந்தம் இல்லை. கூப்பிடுவதுதான். அவருடைய மகளும் சாம்பல் கோட்டுதான், வேறு ஷிப்ட்.

"ஏடி, ஒங்கம்மா கோட்டுக்குள்ள நீயும் ஒம் புருசனும் சேந்தே போகலாம்டி."

"புருசன் வரட்டும் அத்தை. அப்புறம் பிரிச்சுத் தச்சுக்கிறேன்."

அந்த ஒப்பந்தத்துக்காக ஸ்டிரைக் வந்தபோது சாம்பல் கோட்டுக்காரர்கள் வெளியே வர வேண்டியதில்லை. எங்களுக்கு ஓட்டும் இல்லை. கை தூக்குவது நீலக் கோட்டு மட்டும்தான். ஆனால் செயலாளர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நீங்க உள்ள போனா மிஷின் ஓடும்ல பாப்பா. மிஷின் ஓடுனா எங்க பேச்ச எவன் கேப்பான்? நாளைக்கு நீங்களும் நீலக் கோட்டுதான. ஒங்களுக்கும் சேத்துத்தேன் இது."

வந்தோம். எல்லாருமே வந்தோம். நாலு வழிச் சாலை ஓரம் பந்தல் போட்டு உட்கார்ந்தோம். நல்ல வெயில். லாரி போகிற போதெல்லாம் பந்தல் துணி அடிக்கும். நாங்கள்தான் சமைத்தோம். தினமும் எலுமிச்சம்பழச் சோறு. எனக்கு முன்னால் சேர்ந்த ஒருத்தி இருந்தாள். எழுமலைப் பக்கத்துப் பிள்ளை. என் சிநேகிதி. அவளுக்கு மூன்று வருஷம் முடிய அந்த மாசம்தான். அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். வேலை நிரந்தரம் ஆனதும் கல்யாணம் என்று பேச்சு. அவளும் வந்து உட்கார்ந்தாள். கோஷம் போட்டுப் போட்டுத் தொண்டை கட்டிக்கொண்டது.

ஒரு நாள் கமிட்டியை உள்ளே கூப்பிட்டார்கள். அம்மாவும் போனாள். சாயங்காலம் வந்தார்கள். செயலாளர் கையைத் தூக்கிக் காட்டினார். ஒரே கூச்சல். நாங்கள் சாம்பல் கோட்டுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சரவெடி வாங்கி வைத்திருந்தோம்.

செயலாளர் மைக்கில் வாசிக்க ஆரம்பித்தார். முதலில் சம்பளம் எவ்வளவு கூடுகிறது என்று வாசித்தார். விசில். நாற்பத்தைந்து தாண்டினவர்களுக்கு வேலை குறையும் என்று வாசித்தார். அத்தை எழுந்து கையைத் தட்டினார். அதற்குமேல் என் சிநேகிதிக்குப் பொறுக்கவில்லை. பத்தியைக் கொளுத்திச் சரத்தில் வைத்துவிட்டாள். பெரிய சரம். செயலாளர் நிறுத்தவில்லை. வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒரே புகை. வெடி முடிந்தபோது அவரும் முடித்திருந்தார். "எல்லாருக்கும் சம்மதமா" என்றார். நீலக் கோட்டு எல்லாம் கை தூக்கியது. நான் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் அந்தத் தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். யாரும் நின்று வாசிக்கவில்லை. அதுதான் வாசித்தாகிவிட்டதே.

முதலில் வேலையில்தான் வித்தியாசம் தெரிந்தது. மிஷினுக்கு ரெண்டு பக்கம். ஒரு பக்கத்தைச் சைடு என்பார்கள். இழை அறுந்தால் ஓடிப்போய் ஒட்ட வேண்டும். முன்னால் அம்மாவுக்கும் எனக்கும் ஒரே அளவு சைடு. இப்போது அம்மாவுக்குக் குறைந்தது. குறைந்ததை எனக்குச் சேர்த்துவிட்டார்கள். அம்மா நடந்தாள். நான் ஓடினேன். ரெண்டு மிஷினுக்கு நடுவே ஒரே சந்தில்தான். வயதானவர்களுக்குக் கால் வலி. சரிதான் என்று ஓடினேன்.

பிறகு என் சிநேகிதிக்கு மூன்று வருஷம் முடிந்தது. தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். நீலக் கோட்டு வாங்க. நாங்கள் கேண்டீன் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். கையில் மடித்த கோட்டோடு வந்தாள். விரித்துக் காட்டினாள்.

சாம்பல்.

புதுசு. மடிப்புக்கூடக் கலையவில்லை. ஆனால் சாம்பல்.

நாங்கள் சிரித்தோம். மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தோம்.

"கண்ணு தெரியாத ஆளப் போயி ஆபீஸ்ல வச்சிருக்காய்ங்க. போடி, போயி மாத்திட்டு வா" என்றேன்.

"மாத்த முடியாதாம்."

"ஏன்?"

"இனிமே நீலமே கெடையாதாம். இருக்கிறவுகளோட சரியாம். ஒப்பந்தத்துல இருக்காம். ஒங்க சங்கந்தேன் கையெழுத்துப் போட்டுச்சுங்கிறாக."

அவள் அழவில்லை. தலையில் இருந்த பூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.  கேண்டீன்காரர் டம்ளரை நீட்டிக்கொண்டே இருந்தார். நான் வாங்கவில்லை.

ஷிப்ட் முடிந்ததும் செயலாளரைத் தேடிப் போனேன். டீக்கடையில் இருந்தார். நான் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அதிர்ச்சி. ஒளித்து வைத்தால்கூடத் தப்பு என்று அவருக்குத் தெரிகிறது என்று நினைக்கலாம்.

"வாசிச்சேன்ல பாப்பா. மைக்குல, ஊருக்கே கேக்குற மாதிரி. நீங்கதேன் வெடியப் போட்டீக."

"எங்களுக்கும் சேத்துத்தான்னு சொன்னீகளேண்ணே."

"சொன்னேன். கேட்டும் பாத்தேன். குடுக்கல. இருக்கிறவுகளக் காப்பாத்தணுமா வேணாமா? எல்லாத்தையும் பிடிக்கப் போனா எதுவும் கையில நிக்காது தாயி."

 அவர் டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"ஒனக்கு என்ன கவல? ஒனக்கு வழி இருக்கு. வாரிசு வேல. நீலக் கோட்டு ஒண்ணு எழுதிக் குடுத்துட்டு, ரிட்டையராகுறதுக்கு முன்னாடியே வேலைய விட்டுப் போனா, அது பிள்ளைக்கு அந்தக் கோட்டு. அத நாங்க விடாம நின்னு வாங்கிருக்கோம். ஒங்கம்மாகிட்டக் கேளு. அதுவும் உள்ளதேன் இருந்துச்சு, எல்லாம் அதுக்குத் தெரியும்."

எல்லாம் அதுக்குத் தெரியும். அப்போதுதான் எனக்கு ஜிலேபி ஞாபகம் வந்தது.

பஸ்ஸில் வந்தேன். எந்த இடத்தில் ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று தெரியாது.

அம்மாவுக்கு மில் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. அதனால் வீட்டில் சத்தமாகத்தான் பேசுவாள். லைன் வீட்டில் சுவர் மெல்லிசு. நாங்கள் என்ன குழம்பு வைக்கிறோம் என்பது கடைசி வீடு வரைக்கும் தெரியும். ஊருக்குத் தெரியக்கூடாத பேச்சு என்றால் மில்லில் பேசுவது போல்தான் பேசுவோம். மிஷின் ஓடும்போது வாயை மட்டும் அசைப்போம். உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். வீட்டிலும் அப்படி.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன். சத்தமில்லாமல் கேட்டேன்.

"தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"ஏம்மா சொல்லல?"

"சொல்லிருந்தா நீ இனிப்பு குடுத்திருப்பியா?"

கத்தியைக் கீழே வைத்தாள். முகத்தை என் பக்கம் நன்றாகத் திருப்பினாள், நான் உதட்டைப் பார்க்க வேண்டும் என்று.

"நாப்பத்தஞ்சு தாண்டுனவுகள வீட்டுக்கு அனுப்பணும்னாங்க. அப்படி இல்லாட்டி இனிமே வாறதுகளுக்கு நீலம் கெடையாதுன்னாங்க. ரெண்டுல ஒண்ணுதேன்னாங்க."

"நீங்க ஒங்களப் பாத்துக்கிட்டீக."

"ஆமா."

ஆமா என்றாள். இல்லை, அப்படி இல்லை, வேறு வழி இல்லை என்று ஏதாவது சொல்வாள் என்று இருந்தேன். ஒரு ஆமாதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். வாரிசு வேலை. நீ எழுதிக் கொடுத்தால் எனக்கு வரும் என்றேன்.

அம்மா உதடு அசைந்தது. எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நம்ப முடியவில்லை. திரும்பக் கேட்டேன். இந்தத் தடவை வாயைத் திறந்தே சொன்னாள்.

"மாட்டேன்."

லைன் முழுக்கக் கேட்டிருக்கும். பக்கத்து வீட்டு டிவியைக் குறைத்தார்கள்.

"எனக்கு நாப்பத்தெட்டுதேன் ஆகுது. எதுக்கு வீட்டுல உக்காரணும்? உக்காந்து ஒங்கையில பத்துக்கும் இருவதுக்கும் நிக்கணுமா? நான் அங்க போனாத்தேன் மனுசி. இங்க இருந்தா சட்டி பானை."

"அப்ப நானு?"

"நீ ஒனக்கு வாங்கு. எனக்கு எவ எழுதிக் குடுத்தா? நானும் மழைலயும் வெயில்லயும் அந்த ரோட்டுல கெடந்துதேன் வாங்குனேன்."

"நானும் கெடந்தேன்மா. இப்பத்தேன் கெடந்தேன். ஒம் பக்கத்துலதேன்."

அம்மா மறுபடி கத்தியைப் பிடித்தாள். வெங்காயத்தை எடுத்தாள்.  பெற்றவள் பிள்ளைக்குக் கொடுப்பாள் என்றுதான் எல்லாரும் சொல்லி வைத்திருக்கிறார்கள். அப்படிக் கொடுக்காத ஆளை நான் பார்த்ததில்லை. பார்த்தபோது அது என் அம்மாவாக இருந்தது.

அதற்குப் பிறகு மில்லில் ஒரே சந்தில் ரெண்டு பேரும். வாய் அசையவில்லை. அவள் நடந்தாள், நான் ஓடினேன். இழை அறுந்தது, ஒட்டினேன்.

என் சிநேகிதி கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டில் சண்டை எல்லாம் போடவில்லை. வேலை நிரந்தரம் ஆகட்டும், பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகாத வேலைக்கு அவள் எத்தனை நாள் காத்திருப்பாள்? அவள் அதைச் சொன்னபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. உதட்டைப் பார்த்துத்தான் நானும் தெரிந்துகொண்டேன்.

தீபாவளிக்கு முன்னால் போனஸ் விஷயமாக மறுபடி கேட்டில் கூட்டம் போட்டார்கள். நீலக் கோட்டுகள் முன்னால் தரையில். நாங்கள் பின்னால் வேப்ப மரத்தடியில் நின்றோம். செயலாளர் மைக்கில் பேசினார். "வேற யாருக்கும் எதுவும் கேக்கணுமா" என்றார். அப்படிக் கேட்பது சும்மா. யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் கேட்டேன்.

"அண்ணே, போன ஒப்பந்தத்துல கடைசிப் பக்கத்த மறுபடி வாசிங்க."

திரும்பிப் பார்த்தார்கள். செயலாளர் சிரித்தார்.

"அது முடிஞ்சு போச்சு பாப்பா. போர்டுல இருக்கு, போயி வாசிச்சுக்க."

"நான் எட்டாப்பு. எனக்கு அம்புட்டு வாசிக்க வராது. நீங்க வாசிங்க. இந்தத் தடவ வெடி போட மாட்டோம்."

முன்னால் இருந்த அத்தை எழுந்துவிட்டார். "வாசியேம்ப்பா. பிள்ள கேக்குதுல்ல. காசா பணமா?"

ரெண்டு மூன்று பேர் ஆமா வாசி என்றார்கள். நீலக் கோட்டு கொடுக்கவில்லை என்ற பேச்சு காதில் விழுந்திருக்கும். தாங்கள் கை தூக்கின தாளிலேயே அது இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. நான் அதுவரைக்கும் எங்களுக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது என்று நினைத்திருந்தேன். செயலாளர் பையில் இருந்து எடுத்தார். வேகமாக வாசித்தார். ரோட்டில் ஒரு லாரி போனது. அத்தை, "நிறுத்து, நிறுத்து, லாரி போகட்டும்" என்றார். லாரி போனது. மறுபடி வாசித்தார்.

 அத்தை அப்படியே நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப எம் மகளுக்கு?"

"வாரிசு வேல இருக்குல்ல மதினி. நீங்க எழுதிக் குடுத்தா…"

"நான் போனாத்தேன் எம் மகளுக்கா? இதுக்கா நான் கை தூக்குனேன்?"

அதற்குப் பிறகுதான் சத்தம். முன்வரிசையில் பாதிப் பேருக்கு மகளோ மருமகளோ சாம்பல் கோட்டில் இருந்தார்கள். எல்லாரும் கை தூக்கியவர்கள். செயலாளர் மைக்கை அணைத்துவிட்டார். "அடுத்த ஒப்பந்தத்துல பேசுவோம், அடுத்த ஒப்பந்தத்துல" என்று சொல்லிக்கொண்டே பைக்கை எடுத்தார்.

கமிட்டி ஆம்பளைகள் மெல்லக் கழன்றுகொண்டார்கள். அம்மா மட்டும் எழுந்து நின்றாள். அவளும் போயிருக்கலாம்.

"உள்ள நான் இருந்தேன். எல்லாம் தெரிஞ்சுதேன் கையெழுத்துப் போட்டேன்" என்றாள். காது கேட்காதவள் குரல். மைக் தேவைப்படவில்லை.

"நீயும் ஒரு பிள்ள பெத்தவதான?" என்றார் அத்தை.

"ஆமா. அதுதேன் பின்னாடி நிக்குது."

அத்தை அம்மாவின் கோட்டைப் பிடித்துவிட்டார். இன்னும் ரெண்டு பேர் பிடித்தார்கள். நான் உள்ளே புகுந்து அம்மாவின் மறு கையைப் பிடித்து இழுத்தேன். கோட்டு தோளில் இருந்து கிழிந்தது. யார் இழுத்ததில் கிழிந்தது என்று தெரியாது. என் கையும் அதில் இருந்தது.

பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். அம்மா கோட்டின் கிழிந்த கையை மடியில் வைத்திருந்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அந்துருண்டை வாசத்தில்தான் முழித்தேன். பீரோ திறந்திருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நீலக் கோட்டு. எனக்கென்று வைத்திருந்தது. பிளேடால் பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் முடிந்திருந்தது.

நான் எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். பிளேடு நிற்கவில்லை.

"மத்தது கிழிஞ்சு போச்சு" என்றாள்.

மறுபக்கமும் பிரித்தாள். உதறினாள். போட்டுக்கொண்டாள். சரியாக இருந்தது. தையல் இருந்த இடத்தில் மட்டும் ஊசித் துளை வரிசையாக ரெண்டு கோடு தெரிந்தது. பொத்தான் ஓட்டை புதுசு. அம்மா விரல் தடித்துப்போன விரல். பொத்தான் ஏறவில்லை. ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். விட்டுவிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

நான் என் சாம்பல் கோட்டை எடுத்துப் போட்டேன். பிறகு அவள் முன்னால் போய் நின்று, மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டேன். பக்கத்தில் நூல் தும்பு ஒட்டியிருந்தது. அதையும் எடுத்தேன்.

"வா" என்றாள். போனோம்.